மூன்று நாள் மருந்தும் முப்பது வருட மாத்திரையும்

முன்பெல்லாம் மருந்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. காய்ச்சல் என்றால் மூன்று நாள். வயிற்றுக்கடுப்பு என்றால் ஐந்து நாள். சித்த வைத்தியர் கொடுத்த சூரணம் என்றால் ஒரு மண்டலம், 48 நாள். அது முடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மருந்து பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். இன்று ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் எத்தனை நாளைக்கு மாத்திரை என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கிறவரைக்கும்தான்" என்பார். மருந்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்ற பேச்சில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுபோன காலம் பலருக்கு நினைவிருக்கும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரை ஊற்றித் தருவார். பாட்டிலின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருப்பார். தாளை மடித்து ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் பிரித்தால் வரிசையாகப் பல் பல்லாக வரும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கியது. காலையில் குடித்தோமா, மதியம் விட்டுப்போனதா என்பதை மிக்சர் நிற்கும் மட்டமே காட்டிக்கொடுத்துவிடும். அளவும் கணக்கும் ஒரே இடத்தில். அதன்பிறகு வந்த எத்தனையோ ஏற்பாடுகளில் இவ்வளவு எளிமையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மாத்திரையும் பொடியும் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலம் ஒரு வேளை என்பதால், மீதியிருக்கும் பொட்டலங்களை எண்ணினால் போதும். கடிகாரம் இல்லாத வீடுகள்தான் அதிகம். ஆனால் நேரம் ஊருக்கே பொதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. நகராட்சிச் சங்கு ஊதும், மில் சங்கு ஊதும், பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், வானொலியில் காலைச் செய்தி வரும். "சங்கு ஊதினதும் ஒரு மாத்திரை குடுத்துடும்மா" என்று டாக்டரே சொல்வார்.

அதைவிடப் பெரிய நினைவூட்டல் ஒன்று இருந்தது: நோய். காய்ச்சல் அடித்தது, வயிறு வலித்தது, இருமல் தூங்கவிடவில்லை. வலி இருக்கும்வரை மருந்தை யாரும் மறக்கவில்லை. வலி போனதும் மறந்தார்கள், பெரும்பாலும் அத்தோடு மருந்தும் முடிந்தது.

நாட்டு வைத்தியத்தில் மறதிக்கு இடமே கிடையாது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சூரணத்தைத் தேனில் குழைக்க வேண்டும், இன்னொன்றைப் பாலிலோ வெந்நீரிலோ கலக்க வேண்டும். அந்த அனுபானத்தை யாராவது எடுத்து வைத்தால்தான் மருந்தே உள்ளே போகும். பத்தியம் வேறு. புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, எண்ணெய் தாளிதம் கூடாது என்றால், அன்றைய சமையலே ஒருவருடைய மருந்தைச் சுற்றி மாறிவிடும். அவருக்குத் தனியாக ரசம் வைக்கும்போதே மருந்து கொடுத்தோமா என்ற கேள்வியும் சேர்ந்து வரும். கைக்குழந்தைக்கு உரைமருந்து குளிப்பாட்டும் வேளையோடு சேர்ந்தது. எண்ணெய்க் குளியலுக்குச் செவ்வாய் வெள்ளி பெண்களுக்கு, புதன் சனி ஆண்களுக்கு என்று கிழமை இருந்தது. மருந்தை நினைவில் வைத்தது நோயாளி அல்ல, வீடு. வீடு என்றால், உண்மையைச் சொல்வதானால், அந்த வீட்டுப் பெண்கள்.

அதற்காக அந்தக் காலத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட முடியாது. நீண்ட நாள் மருந்து தேவைப்பட்ட நோய்கள் அன்றும் இருந்தன, அவற்றில் மக்கள் மடிந்தார்கள். சர்க்கரை நோயாளி சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி நிறம் பார்த்தார். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கவலை. இன்சுலின் போடுகிறவர் கண்ணாடி ஊசியைத் தினமும் கொதிக்கவைத்தார். குளிர்பெட்டி இல்லாதவர்கள் மருந்துக் குப்பியை மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் வைத்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948-இல்தான். அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு வாய்த்தது பத்தியம் மட்டுமே.

மருந்தை மறப்பது என்ற விஷயத்தை உலகம் அறிவியலாகப் பார்க்கத் தொடங்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது, ஆனால் சானடோரியத்தில் படுக்கை கிடைக்காமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. நெரிசலான குடிசையில், போதாத சாப்பாட்டோடு, வீட்டிலிருந்தபடியே ஒரு வருடம் மருந்து சாப்பிடுகிறவருக்கும், சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வுமாகப் படுத்திருந்து சாப்பிடுகிறவருக்கும் குணமாவதில் வித்தியாசம் இருக்குமா? 1959-இல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் குணமானது. உலகின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னையின் ஏழை நோயாளிகள் ஒரு காரணம்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்பில் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததில், நோயின் தொந்தரவு குறைந்ததும் பலரும் மருந்தை விட்டுவிட்டுப் போடுவது தெரியவந்தது. படித்தவர், படிக்காதவர், நல்லவர், பொறுப்பற்றவர் என்று இதில் பிரித்துவிட முடியாது. மனிதர்கள் மருந்தை மறப்பார்கள் என்பதை வைத்தே சிகிச்சையை வடிவமைக்க வேண்டும் என்ற இடத்துக்கு ஃபாக்ஸ் வந்து சேர்ந்தார். 1960-களின் தொடக்கத்தில் அதே மையம், தினமும் வீட்டில் சாப்பிடுவதற்குப் பதிலாக வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்து, ஒருவர் கண்முன்னாலேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் போன முறைக்கு வேர் அங்கே இருக்கிறது. இந்தியா 1997-இல் டாட்ஸை நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டது. அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், சில இடங்களில் டீக்கடைக்காரர்கூட நோயாளி மருந்தை விழுங்குவதைப் பார்த்து அட்டையில் குறித்தார்கள்.

இதில் ஒரு குத்தலும் உண்டு. தினக்கூலிக்குப் போகிற ஒருவர், மருந்தை விழுங்கிக் காட்டுவதற்காகக் காலைக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து வந்தவர்கள் உண்டு. 2017-க்குப் பிறகு தினசரி மாத்திரை முறைக்கு மாறியபோது, கண்காணிப்பும் கைபேசிக்கு மாறியது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இன்று மருந்து எடுத்தாயிற்று என்று பதிவாகிவிடும். கேட்க அழகாக இருக்கிறது. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சோதித்தபோது நடைமுறை வேறாக இருந்தது. மருந்தைச் சாப்பிட்டவர்களில் பலர் கூப்பிடவில்லை. போன் மகன் கையில், சிக்னல் இல்லை, சாப்பிட்டாயிற்றே அப்புறம் எதற்குப் போன் என்ற எண்ணம். மிஸ்டு கால் வராததை வைத்து ஒருவரை மறந்தவர் என்று முடிவுகட்டுவது அநியாயமாகிவிடும்.

எச்.ஐ.வி. மருந்தின் கதை இதைவிட ஆறுதலானது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச மருந்து தரத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அன்று காலையும் இரவும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மாத்திரை. ஒரு வேளை தவறினாலும் நோய்க்கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்ற பயம். இரவு எட்டு மணித் தொடரின் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்துபோய் மாத்திரை போட்டவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. நினைவாற்றலுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட நினைவில் வைக்க வேண்டியதைக் குறைப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அவர்களிடம் கேட்க வேண்டும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய, 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. ரத்த அழுத்தக்காரர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டு நோயும் பெரும்பாலும் வலிக்காது. மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழைய காலத்து அலாரமாகிய வலி இங்கே அடிப்பதில்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் விழுந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. வசதி குறைந்த நாடுகளில் நிலைமை அதைவிட மோசம் என்றும் சொன்னது.

ஒரு மருந்துக்கடை வாசலில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் போதும். சீட்டில் 1-0-1 என்று இருக்கும். கடைக்காரத் தம்பி சின்னக் காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்களில் பேனாவால் கோடு போடுவார். கூட்டம் அதிகமென்றால் அதுவும் கிடையாது. "இது சாப்பாட்டுக்கு முந்தி, இது பிந்தி, இது ராத்திரி மட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் படியிறங்கும்போதே பாதி மறந்திருக்கும். அட்டையைப் பத்து மாத்திரைக்கு வெட்டிக் கொடுத்ததில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். மருந்தின் பொதுப் பெயரைப் படிக்கும்படி, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியே கொண்டுவந்தது. அப்படியே எழுதினாலும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது?

அதனால் அவர்கள் நிறத்தை வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளை காலைக்கு, மஞ்சள் ராத்திரிக்கு, பட்டாணி மாதிரி இருப்பது பிரஷருக்கு. இந்த முறை நன்றாகவே ஓடும், கம்பெனி மாறும்வரை. விலை குறைவென்று வேறு கடையில் வாங்கினாலோ, அரசு மருந்தகத்தில் அந்த மாதம் வேறு நிறுவனத்துச் சரக்கு வந்தாலோ அதே மருந்து வேறு நிறத்தில் கைக்கு வரும். இது புது மாத்திரை என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை இப்படி இரட்டிப்பாகப் போட்டால் மயங்கி விழ வேண்டியதுதான். குறைந்த விலை மருந்துகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், அவை இல்லாவிட்டால் பலருக்கு மருந்தே இல்லை. நிறம் மாறினால் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நம் ஊர் நாள்முறையைக் கேட்காமல் எழுதப்படும் சீட்டுகள் இன்னொரு துன்பம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி, ஒருமணி நேரம் காத்திருக்க வேண்டும். விடிந்ததும் காபி குடித்தால்தான் நாளே தொடங்கும் என்ற வீட்டில் இது நடக்குமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அமாவாசை அன்று காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பாடு, மணி ஒன்றாகிவிடும். வழக்கம்போலக் காலையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். ஏகாதசி விரதமும் அப்படியே. ரமலான் மாதத்தில் சஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப மருந்தை மாற்றிக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த அக்கறை அமாவாசைக்கும் வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான் போட வேண்டியது. அதைத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. அந்தச் சீட்டில் எந்தக் கிழமை என்று தமிழில் எழுத அரை நிமிடம் ஆகாது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அறை மாத்திரைப் பெட்டி நல்ல பொருள். ஆனால் மூடிகளில் ஆங்கில முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி ஞா, தி, செ என்று எழுதிவிட்டால் உங்கள் பாட்டி அதைத் தவறாமல் பயன்படுத்துவார். கைபேசி அலாரம் அடிக்கிறது, அணைக்கிறோம், மறக்கிறோம். தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும் ஆணியிலேயே மாத்திரைக் கவரைத் தொங்கவிட்டவர்கள் அதைவிட ஒழுங்காக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே விடாமல் செய்கிற ஒரு வேலையோடு மருந்தை முடிச்சுப்போடுவதுதான் விஷயம். மாலா-டி கருத்தடை மாத்திரையில் 21 நாளுக்குப் பிறகு வரும் ஏழு மாத்திரைகளில் வெறும் இரும்புச்சத்துதான். இடைவெளி விட்டால் பழக்கம் அறுந்துவிடும் என்பதற்காகவே 28 நாளும் போடவைத்திருக்கிறார்கள்.

பெரிய மாற்றம் வீட்டில்தான். மகன் டல்லாஸில், மகள் பெங்களூரில். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று காணொளி அழைப்பில் கேட்பார்கள். "போட்டாச்சுடா" என்பார் அப்பா. போட்டாரா என்பது பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும். அன்று பத்தியச் சோறு வடித்த கைதான் இன்று அப்பாவின் மாத்திரையைப் பிய்த்துத் தண்ணீரோடு நீட்டுகிறது. அந்த அம்மாவுக்கும் பிரஷர் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரம் கழுவிய பிறகு, நினைவிருந்தால் போட்டுக்கொள்வார். அவரை யாரும் கேட்பதில்லை. இந்த நூறாண்டில் மாறாதது இது ஒன்றுதான், மாறியிருக்க வேண்டியதும் இதுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மதிப்பது இதனால்தான். சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, போன மாதத்து மாத்திரை ஏன் மீதியிருக்கிறது என்று கேட்கிறார். சேத்துப்பட்டு மையத்தின் பணியாளர்கள் அன்று குடிசைகளில் மாத்திரை எண்ணிய அதே வேலை. ஒரு வித்தியாசம், வருகிறவர் அதே ஊர்க்காரர். "அக்கா, உங்க மாத்திரையைக் காட்டுங்க" என்று வீட்டு அம்மாவைக் கேட்க அவரால் முடிகிறது. அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் ஊதியம் அவர்கள் நடக்கும் தூரத்துக்குப் போதாது. அதை அரசு உயர்த்தித் தர வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள், கவரில் தமிழில் பெரிதாக எழுதுங்கள். டாக்டர்களுக்கு: என்ன மருந்து வேண்டும் என்று யோசிக்கும்போதே, இவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்களுக்கு: அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், லேகியமும் சத்து மாத்திரையும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். அதில் அம்மாவின் பெயரை முதலில் எழுதுங்கள்.